பிரியாணிப் புரதம்

ஜூலை 3

ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவின் தேர்வுத்தாள் முப்பத்தெட்டும் இன்னும் கட்டில் மேல் கிடக்கின்றன. ஒருவன் 'பெருங்கடல்' என்பதற்குப் 'பெருங்குடல்' என்று எழுதியிருக்கிறான். குமரிக்குத் தெற்கே இந்தியப் பெருங்குடல் இருக்கிறதாம். ஒரு மதிப்பெண் குறைத்து, நூறு முறை எழுதிவா என்று சிவப்பு மையில் போட்டேன்.

நாளை சேலம். இவருக்குக் குடலில் கிள்ளி எடுத்த சதையின் ரிசல்ட் வருகிறது. ஆறு மாதமாக மூலம், மூலம் என்று கற்றாழைச் சாறு குடித்துக்கொண்டிருந்தார். ரத்தம் போவதை என்னிடம் சொல்லவே இல்லை. நானாகப் பார்த்ததுதான்.

ஜூலை 4

பெருங்குடல்.

டாக்டர் படம் வரைந்து காட்டினார். இடது பக்கம், எலுமிச்சை அளவு. ஆபரேஷன், அப்புறம் மருந்து ஏற்ற வேண்டும், 28ஆம் தேதி வாருங்கள் என்றார். இவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஆடிப் பதினெட்டுக்கு ஆறு அண்டா பிரியாணி ஆர்டர் இருக்குதுங்க சார், அது முடிச்சுட்டு வெச்சுக்கலாங்களா?" என்றார். டாக்டர் என்னைப் பார்த்தார். இருபத்திரண்டு வருஷமாக இந்த மனிதர் எதற்கும் முதல் தடவையில் சரி என்று சொன்னதில்லை. எங்கள் கல்யாணத்துக்கே மண்டபம் சரியில்லை என்று இரண்டு தடவை தேதி மாற்றியவர்.

ஜூலை 5

தாள் திருத்தினேன். அந்தப் பையனுக்கு ஒரு மதிப்பெண் திரும்பப் போட்டுவிட்டேன்.

ஜூலை 9

மறுபடி சேலம், ரத்தப் பரிசோதனைக்கு. அங்கே சுசித்ரா என்று ஒரு டாக்டர், முப்பது வயதுதான் இருக்கும். ஆராய்ச்சி செய்கிறார். ஆபரேஷனில் எடுக்கும் கட்டியில் கொஞ்சம் தங்களுக்குத் தர முடியுமா என்று கேட்டார். ஏதோ பக்கத்து வீட்டில் காப்பித்தூள் கேட்பது மாதிரி, அவ்வளவு கூச்சத்தோடு.

பிரியான் என்று ஒரு புரதமாம். "எல்லாரோட செல் மேலயும் இருக்கறதுதாங்க டீச்சர். கெட்டது கிடையாது. செல்லுக்கு ஒரு கஷ்டம்னா சாகாம பாத்துக்கும். ஆனா சில கட்டில இது ரொம்ப ஜாஸ்தியா இருக்குது. அந்த மாதிரி கட்டி மருந்துக்கு அடங்க மாட்டேங்குதோன்னு ஒரு சந்தேகம். அதத்தான் பாக்கறோம்." இந்தப் புரதத்தைக் கட்டிப்போட்டுவிட்டு மருந்து கொடுத்தால் எலிகளுக்கு நன்றாகக் கேட்கிறதாம். மனிதர்களுக்கு இன்னும் தெரியாதாம். இதனால் உங்களுக்கு நேரடியாக ஒரு பயனும் இல்லை என்று மூன்று தடவை சொன்னார். ஒரு பயனும் இல்லை என்று இவ்வளவு நேர்மையாகச் சொல்லி யாரும் எங்களிடம் எதுவும் கேட்டதில்லை. இவர் ஒத்துக்கொண்டார். யோசிக்கக்கூட இல்லை!

ஒப்புதல் படிவத்தைப் பார்த்தேன். தமிழாம். 'பங்கேற்பாளர் எந்நேரமும் தன்னைத் தானே வாபஸ் வாங்கப்படலாம்.' 'தங்கள் திசு வங்கியில் போடப்பட்டு முதிர்ச்சி அடையும்.' என் கை சும்மா இருக்குமா? பேனாவை எடுத்துவிட்டேன். அந்தப் பெண் சிரித்துவிட்டு, "நீங்களே எழுதிக் குடுத்துடுங்களேன் டீச்சர், கமிட்டில காட்டி அனுமதி வாங்கிக்கறேன்" என்றார்.

புருஷனுக்குக் கேன்சர். நான் படிவம் திருத்துகிறேன். இது என்ன பிறவியோ.

ஜூலை 11

எழுதி முடித்தேன், நான்கு பக்கம். ஒரு வார்த்தையில்தான் மாட்டிக்கொண்டேன். பிரியானுக்குத் தூய தமிழில் 'திரிமடிப் புரதம்' என்று போட்டிருந்தேன். சுசித்ரா போனில் வேண்டவே வேண்டாம், பெயர் பெயராகவே இருக்கட்டும் என்றார். அப்போதுதான் கவனித்தேன். பிரியான். உண்ணான், உறங்கான், பிரியான். எதிர்மறை வினைமுற்று. 'பிரியமாட்டான்' என்று பொருள். பத்தாம் வகுப்பில் கரும்பலகையில் எழுதிப்போடலாம்.

இவரிடம் சொன்னேன். "யாரு, கேன்சரா பிரிய மாட்டான்?" என்று கேட்டுவிட்டுக் கடைக்குக் கிளம்பிவிட்டார். நான் ஏன் அதைச் சொன்னேன்?

ஜூலை 13

காரிமங்கலத்தில் வெங்கடாசலத்தின் டி.டி.பி. கடையில் படிவத்தைக் கொடுத்தேன். இவர் கடைக்கு நோட்டீஸ் எல்லாம் அவன்தான் அடிப்பான். நூறு பிரதி. அவசரம் என்றேன். கட்டாகக் கட்டி என் கையில் தந்தபோது, "டீச்சர், ஒரு வார்த்தைல எழுத்துப்பிழை இருந்துச்சுங்க. நீங்களே விட்டுட்டீங்க பாருங்க. நான் சரி பண்ணிட்டேன்" என்று பெருமையாகச் சொன்னான். சரிபார்க்காமல் பையில் வைத்துக்கொண்டேன். ஏதோ ஒற்று விட்டிருப்பேன் என்று நினைத்தேன்.

பக்கத்துக் கடையில் போண்டா வாசனை நன்றாக இருந்தது. வாங்கவில்லை.

ஜூலை 15

சந்தை நாள். பள்ளியிலிருந்து வருகிற வழியில் பால் சொசைட்டி மாயவன் என்னை நிறுத்தி, எண்ணெய் ஊறிய ஒரு காகிதத்தை நீட்டினார். போண்டா மடித்த காகிதம்.

'புற்றுநோய்க் கட்டியில் பிரியாணி புரதத்தின் பங்கு. தங்கள் கட்டியில் பிரியாணி எந்த அளவில் உள்ளது என்று பரிசோதிக்கப்படும். பிரியாணி அதிகம் உள்ள கட்டிகள் மருந்துக்குக் கட்டுப்படாமல் போகலாம்.'

பதினேழு இடத்தில். பிரியான் என்று இருந்த பதினேழு இடத்திலும்.

முதலில் ஓரம் கோணலாக அச்சான எண்பது பிரதியை வெங்கடாசலம் வீணாக்க மனமில்லாமல் பக்கத்து போண்டாக் கடைக்குக் கொடுத்திருக்கிறான். சந்தைக்கு வந்த ஊரெல்லாம் போண்டா தின்றுவிட்டுப் படித்திருக்கிறது. "உங்க வூட்டுக்காரருக்கு வயித்துல கட்டின்னு சொன்னாங்க. இதுனாலதானுங்களா?" என்றார் மாயவன். நல்ல தமிழில் இருந்ததால் எல்லோருக்கும் நன்றாகப் புரிந்திருக்கிறது. அது என் வேலை!

ஜூலை 17

கடையில் மூன்று பேர். அதில் இருவர் சப்பாத்தி கிடைக்குமா என்று கேட்டார்களாம். 'தர்மன் பிரியாணி' என்று பத்தடி போர்டு வைத்த கடையில்.

நாத்தனார் செல்லி இண்டூரிலிருந்து வந்துவிட்டார். தம்பியைக் கட்டிக்கொண்டு அழுதார். "இத்தன வருசமா நீயே ஆக்கி நீயே தின்னியேடா. அதான் அப்புடியே கட்டியா நின்னுக்கிச்சு." நான் விளக்கினேன். அண்ணி, அது வேற, இது வேற, ஒரு எழுத்து மாறிவிட்டது என்றேன். "ஒரு எழுத்துலயா வந்துச்சு இது? எந்த எழுத்து?" என்று கேட்டார்.

வெங்கடாசலத்திடம் போய்ச் சண்டை போட்டேன். "பிரியான்னு ஒரு வார்த்த இருக்குதுங்களா டீச்சர்? மனசறிஞ்சு சொல்லுங்க" என்றான். எதிர்மறை வினைமுற்று பற்றிச் சொல்ல ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டேன். தப்பு என்னுடையது. ஒரு முறை திருப்பிப் பார்த்திருந்தால் போதும். வகுப்பில் அத்தனை பிள்ளைகளை நூறு முறை எழுத வைத்தவள் நான்.

ஜூலை 19

திருத்தம் போட்டு ஒரு நோட்டீஸ் அடித்தேன். 'அது பிரியாணி அன்று, பிரியான்.' சுசித்ரா பேரைப் போடவில்லை. இந்தத் தடவை எட்டு முறை சரிபார்த்தேன்.

ஜூலை 20

திருத்தம் வேலை செய்துவிட்டது. மாயவனின் மருமகன் ஓசூரில் கம்பெனியில் இருக்கிறான். பிரியான் என்று போனில் தட்டிப் பார்த்திருக்கிறான். அந்தப் புரதம் முறுக்கிக்கொண்டு போனால் மாட்டுக்குப் பைத்தியம் பிடிக்குமாம், வெளிநாட்டில். அதுவும் உண்மைதான். சுசித்ராவே சொன்னார், அது வேறு கதை, கேன்சரில் பார்ப்பது முறுக்காத நல்ல புரதத்தை என்று. இதை யார் யாருக்கு விளக்குவது?

காலையில் மாயவன் எங்கள் பசுவின் பாலை சொசைட்டியில் ஊற்றவிடவில்லை. "மாட்டுக்கு எதுக்கும் ஒரு சர்டிபிகேட் வாங்கியாந்துடுங்க டீச்சர். நாலு பேரு நாலு விதமா பேசறாங்க." இவருக்குத்தானே நோய் என்றேன். "மாட்டுலருந்து அவருக்கு வந்துச்சா, அவருகிட்டருந்து மாட்டுக்குப் போச்சான்னு நமக்கென்னங்க தெரியும்?" என்றார்.

ஜூலை 22

கால்நடை டாக்டர் வந்தார். விஷயத்தைச் சொன்னதும் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். அப்புறம் எழுதிக்கொடுத்தார். 'மேற்படி பசுவைப் பரிசோதித்தேன். நல்ல மனநிலையில் உள்ளது.' சீல் வைத்தார்.

சர்டிபிகேட்டை மாயவன் வாய்விட்டுப் படித்துக்கொண்டிருக்கும்போதே பசு அவரை உதைத்துவிட்டது. "பாத்தீங்களா, பாத்தீங்களா" என்று கத்தினார். நான் சிரித்தேன். வெகுநாள் கழித்துச் சிரித்தேன். தொழுவத்து மூங்கிலைப் பிடித்துக்கொண்டு, வயிறு வலிக்கும்வரை. திரும்பிப் பார்த்தால் இவர் சிரிக்கவில்லை.

ஜூலை 23

வரமாட்டாராம். 28ஆம் தேதி ஆபரேஷனுக்கு வரமாட்டாராம்.

"மாட்டுக்கே சர்டிபிகேட் குடுத்துட்டாங்க. என் பிரியாணிக்கு யாரு குடுக்கறாங்க? அந்தப் பொண்ண எழுதிக் குடுக்கச் சொல்லு. அப்பறம் வெட்டறதோ குத்தறதோ பண்ணிக்கட்டும்."

கெஞ்சினேன். திட்டினேன். என்னை வேண்டுமானால் அடிங்க, நான்தானே எழுதினேன், போய்ப் படுத்துக்குங்க ஆஸ்பத்திரியில என்றேன். மசியவில்லை. செத்துத் தொலைங்க என்றுகூடச் சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிட்டேன். என்ன பண்றது, சொல்லிட்டேன்.

ஜூலை 24

லீவு போட்டுவிட்டு சேலம் போய் சுசித்ராவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். போண்டாவில் சிரித்தார். பசுவில் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். 28ஆம் தேதியைச் சொன்னதும் நிறுத்திக்கொண்டார். "அந்தக் கட்டி குடல அடைச்சுக்கிட்டு வருது டீச்சர். ரொம்ப நாள் இல்ல." ஞாயிற்றுக்கிழமை நேரில் வருகிறேன் என்றார்.

ஜூலை 27

வந்தார். இவர் கேட்டுக்கொண்டபடி வெள்ளைக் கோட்டும் போட்டுக்கொண்டார், காரிமங்கலம் வெயிலில். கடை வாசலில் ஐம்பது பேர் கூடிவிட்டார்கள். முன் மேஜையில் உட்கார்ந்து, எல்லோரும் பார்க்க, தலைவாழை இலையில் ஒரு பிளேட் பிரியாணி.

அவர் சைவம் என்பது யாருக்குத் தெரியும்? எலிகளோடு வேலை பார்க்க ஆரம்பித்த நாளிலிருந்து கறி தொடுவதில்லையாம். ஒவ்வொரு துண்டாக எடுத்து இலை ஓரத்தில் அடுக்கி வைத்துவிட்டு, சோற்றை மட்டும் ரசித்துச் சாப்பிட்டார். நான்கு துண்டு. ஐம்பது பேரும் எண்ணினார்கள்.

"டாக்டரம்மா பீஸத் தொடவே இல்ல" என்ற செய்தி, அவர் கார் கிளம்புவதற்கு முன்பே மாரண்டஹள்ளிவரை போய்ச் சேர்ந்துவிட்டது.

ஜூலை 28

போகவில்லை. விறகு பிளந்துகொண்டிருந்தார்.

ஆகஸ்ட் 3

ஆடிப் பதினெட்டு. ஆறு அண்டா ஆர்டரும் ரத்து. ஒகேனக்கல் போகும் வேன்கள் எல்லாம் நிற்காமல் போயின. சமையல் மாஸ்டர் சவுரியப்பனும் இவரும் எதிரெதிரே உட்கார்ந்து ஈ ஓட்டினார்கள். இவருக்கு மத்தியானத்திலிருந்து வயிறு உப்பி, வாந்தி. யாருக்கும் தெரியாது என்று நினைத்துக் கடைக்குப் பின்னால் போய் எடுத்தார். நான் அடுப்படி ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் அவராகவே சுசித்ராவுக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில். "அது ஏம்மா சாக மாட்டேங்குது?" என்று கேட்டார். அந்தப் பெண் நாற்பது நிமிஷம் பொறுமையாகச் சொன்னது. செல்லைக் காப்பாற்றுவதற்காக உடம்பே வைத்திருக்கும் புரதம். கட்டியும் நம் உடம்பின் செல்தானே, அதற்கும் அதே காவல். மருந்து வரும்போது அதையும் சாகவிடாமல் பிடித்துக்கொள்கிறதோ என்றுதான் பார்க்கிறார்கள்.

"அப்ப எங்கிட்ட சம்பளம் வாங்கறவன் எதிர்க்கடைக்கும் வேல பாக்கறான்னு சொல்லு" என்றார்.

"கிட்டத்தட்ட அப்படித்தாங்க அண்ணா. ஆனா உங்க கட்டில அது எவ்வளவு இருக்குதுன்னு தெரியாது. ஜாஸ்தியா இருந்தாலும் மருந்து கேக்காதுன்னு அர்த்தம் இல்ல."

போனை வைத்தார். அப்புறம் சொன்னார். "கடப் பேரெல்லாம் ஒண்ணும் இல்ல டீச்சர். பயமா இருக்குது எனக்கு. நீ பிரிய மாட்டான்னு சொன்னியே, அன்னிலருந்து."

பொண்டாட்டியை டீச்சர் என்று கூப்பிடும் மனிதர். அவர் கையைப் பிடித்துக்கொண்டு, அது வெறும் இலக்கணம்ங்க, வெறும் இலக்கணம் என்று சொல்லிச் சொல்லி அழுதேன்.

ஆகஸ்ட் 6

ஆபரேஷன். நான்கு மணி நேரம். உள்ளே போகுமுன் இவர் படிவத்தை வாங்கி, பதினேழு இடத்திலும் 'ணி'யை அடித்து 'ன்' போட்டு, ஒவ்வொன்றிலும் சின்னக் கையெழுத்து வைத்தார். நர்ஸ் ஸ்ட்ரெச்சரோடு காத்திருந்தாள்.

ஆகஸ்ட் 7

கட்டி வெளியே வந்துவிட்டது. நெறிக்கட்டிகளில் நான்கில் கேன்சர் இருக்கிறதாம். மருந்து ஏற்றியே ஆக வேண்டும். எட்டு தடவை.

செப்டம்பர் 12

முதல் தடவை முடிந்தது. நாக்கில் தகரத்தை வைத்த மாதிரி இருக்கிறதாம். காப்பியும் தகரம், சோறும் தகரம், தண்ணீரும் தகரம்.

செப்டம்பர் 30

கடை நிறைந்துவிட்டது! தர்மபுரியில் ஜிம் வைத்திருக்கும் பையன்கள் பைக்கில் வருகிறார்கள். "இங்கதான் பிரியாணிப் புரதம் கெடைக்குங்களா அண்ணா?" சவுரியப்பன் முதலில் முழித்திருக்கிறார், பிறகு கெடைக்கும் என்றுவிட்டார். போர்டில் எழுதலாமா என்று வெங்கடாசலம் கேட்டான். அவனை வாசலோடு அனுப்பிவிட்டேன். ஜிம்காரர்கள் சாப்பிடுவதைப் பார்த்து ஊர்க்காரர்களும் வந்தார்கள். இவ்வளவுதான் விஷயம். கமிட்டியும் நோட்டீஸும் டாக்டர் கோட்டும் செய்ய முடியாததைப் புஜம் காட்டும் நாலு பையன்கள் செய்துவிட்டார்கள்.

இவரிடம் சொன்னேன். "சரி" என்றார்.

அக்டோபர் 24

எனக்குக் கவலையாக இருப்பது இந்தச் சரிதான். மூன்றாம் தடவைக்குப் பிறகு எல்லாவற்றுக்கும் சரி. அண்ணி விபூதி கொண்டுவந்தால் சரி. டி.வி.யை அணைத்தால் சரி. நேற்றுக் குழம்பில் புளி போட மறந்துவிட்டேன். தட்டைக் காலி செய்துவிட்டு, "நல்லாருக்குது" என்றார். இருபத்திரண்டு வருஷத்தில் என் சமையலை நல்லாருக்குது என்று சொன்னதே கிடையாது.

நவம்பர் 19

சுசித்ராவிடம் ரகசியமாகக் கேட்டேன், இவர் கட்டியில் அந்தப் புரதம் எவ்வளவு என்று. சொல்லக் கூடாதாம். கட்டிக்கு எண் மட்டும்தான், பேர் கிடையாது. அந்த விதியைத் தமிழில் அழகாக எழுதியதே நான்தான். மூன்றாம் பக்கம், இரண்டாம் பத்தி.

டிசம்பர் 8

நல்லாருக்குது.

ஜனவரி 30

எட்டாவதும் முடிந்தது. இவர் இப்போது நாற்பத்தொன்பது கிலோ.

பிப்ரவரி 20

ஸ்கேன். எங்கும் ஒன்றும் தெரியவில்லை, மூன்று மாதம் கழித்து வாருங்கள் என்றார் பெரிய டாக்டர். பஸ்ஸில் வரும்போது, சந்தோஷம்தானே என்று கேட்டேன். சரி என்றார். ஆளைத் திருப்பித் தந்தார்களா, அல்லது ஆளுடைய சட்டையை மட்டுமா? இப்படியெல்லாம் எழுதுவது பாவம். ஆனால் எனக்கு அப்படித்தான் இருந்தது.

மார்ச் 8

மாரண்டஹள்ளியில் ஒரு காதுகுத்து. முந்நூறு பேருக்கு ஆர்டர். சும்மா வந்து உட்காருங்க என்று சவுரியப்பன் இவரையும் ஏற்றிக்கொண்டு போனார். நானும் மண்டபத்துக்குப் போயிருந்தேன். முதல் பந்திக்கு இலை போட்டாயிற்று.

சவுரியப்பன் ஓடிவந்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "டீச்சர், கொஞ்சம் வாங்க. உங்க வூட்டுக்காரரு அண்டாவத் தொறக்க விட மாட்டேங்கறாருங்க. கரண்டியப் புடுங்கிக்கிட்டாரு. முந்நூறு பேரு உக்காந்துருக்காங்க. உப்பு ஜாஸ்தின்னு ஒரே ஆட்டம்."

கொல்லைப்புறத்திலிருந்து சத்தம் கேட்டது. என்னய்யா ஆக்கி வெச்சிருக்க, கண்ணு எங்க இருந்துச்சு, இத எவன் திம்பான், இதுக்கா எம் பேரு. மூச்சு விடாமல் ஓடிக்கொண்டிருந்தது. காதுகுத்துகிற குழந்தை பயந்துபோய் அழுகையை நிறுத்திவிட்டது.

"நெசமாவே உப்பு ஜாஸ்தியா மாஸ்டர்?" என்று கேட்டேன்.

தலையைக் குனிந்துகொண்டார். "ஆமாங்க. ஒரு கைப்பிடி ஜாஸ்திதானுங்க. கையி தவறிடுச்சு."

இன்னொரு தடவை சொல்லுங்க என்றேன்.